டிஸ்க் பல்ஜ்னு சொல்லிட்டாங்க, ஆனா வலி வால் எலும்புல இருக்கே?

முதுகுவலி பற்றி எது எழுதினாலும் கமெண்ட்டில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், எனக்கும் எல்4 எல்5 டிஸ்க் பல்ஜ் இருக்கு, ஆபரேஷன் பண்ணனுமா?" பெரும்பாலும் தேவைப்படாது. அதைத் தனியா இன்னொரு நாள் பேசுவோம். இன்னைக்குப் பேசப் போறது அதோட மறுபக்கம். ரிப்போர்ட்டில் டிஸ்க் பல்ஜ் என்று வந்து, அதற்கு மாதக்கணக்கில் வைத்தியமும் பார்த்து, வலி மட்டும் வேறு இடத்தில் இருந்தால்?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா பாதி படிக்கும்போதே பயந்து ஸ்கேன் சென்டருக்குக் கிளம்பிடுவீங்க. நான் எழுதப் போகும் கட்டி மிக அபூர்வமானது. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வருவது. இந்த வரியைப் படிக்கிற உங்களுக்கு இடுப்புவலி இருந்தால், அது இதுவாக இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு மிக மிக அதிகம். அப்புறம் எதுக்கு இவ்வளவு நீளமா எழுதணும்னு கேட்டா, கட்டிதான் அபூர்வம். அதைத் தவற விடுகிற விதம் அபூர்வமே இல்லை. அது தினமும் நம்ம ஊர் ஓபி-க்களில் நடப்பதுதான்.

முதலில் இடத்தைக் காட்டிவிடுகிறேன். பெல்ட் போடும் இடத்துக்குக் கீழே, இரண்டு பிட்டங்களுக்கும் நடுவே கையை வைத்துப் பாருங்க. தலைகீழ் முக்கோணம் மாதிரி கெட்டியாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதுதான் சேக்ரம். தமிழில் திருவெலும்பு என்று எழுதுவார்கள். லத்தீன் பெயருக்கும் 'புனித எலும்பு' என்றுதான் அர்த்தம். ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக ஒட்டி உருவானது, மேலிருந்து கீழாக எஸ்1 முதல் எஸ்5 வரை எண் கொடுப்போம். அதன் நுனியில் தொங்குகிற குட்டி எலும்புதான் நாம் வால் எலும்பு என்று சொல்கிற காக்சிக்ஸ்.

இந்த எலும்புக்கு நேர் முன்னால் மலக்குடல் இருக்கிறது. எலும்பில் இருக்கிற துளைகள் வழியாக நரம்புகள் வெளியே வருகின்றன. அதில் எஸ்2, எஸ்3, எஸ்4 என்ற மூன்று ஜோடி நரம்புகளை மட்டும் இப்போதைக்கு ஞாபகம் வச்சுக்கோங்க. சிறுநீர் முட்டுகிறது என்று உணர்வது, பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அதை அடக்குவது, போனதும் முழுசாகக் கழிப்பது, மலத்தைக் கட்டுப்படுத்துவது, தாம்பத்திய உறவு, இத்தனையும் பெரும்பாலும் இந்த நரம்புகளின் வேலை. மனிதன் தன்மானத்தோடு நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பது இந்த ஆறு நரம்புகளின் தயவில்தான். இந்த த்ரெட் முழுக்க அவற்றைப் பற்றித்தான்.

இப்போ கட்டி. பெயர் கார்டோமா.

பள்ளி விலங்கியலில் 'முதுகுநாணிகள்' என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். முதுகுநாண் உள்ள பிராணிகள் எல்லாம் ஒரு கூட்டம், நாமும் அதில் சேர்த்தி. தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது நம் முதுகின் நடுவே நாண் மாதிரி ஒரு தண்டு ஓடுகிறது. அதைச் சுற்றித்தான் முதுகெலும்பு உருவாகிறது. எலும்பு வந்ததும் அதன் வேலை முடிந்து மறைந்துவிடும். வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரி. சிலருக்கு அந்தச் செல்களில் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடும். பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். மிக அபூர்வமாக ஒருவருக்கு, ஐம்பது அறுபது வயதில், அது கட்டியாக வளர ஆரம்பிக்கும். தண்டின் இரண்டு முனைகளிலும்தான் இது அதிகம் வரும். ஒன்று மண்டையோட்டின் அடிப்பகுதி, இன்னொன்று இந்த சேக்ரம். ஆண்களுக்குச் சற்று அதிகம்.

1857-லேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ மைக்ராஸ்கோப்பில் இந்தச் செல்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். சோப்புக் குமிழி போல உள்ளே காலி காலியாக இருக்கும் செல்கள். அதனால் இது புது நோய் இல்லை. மொபைலாலயோ பிராய்லர் கோழியாலயோ வர்றதும் இல்லை. (கமெண்ட்ல யாராவது கேப்பீங்கன்னு தெரியும், அதான் முன்கூட்டியே சொல்லிட்டேன்.)

இதன் குணம் என்னவென்றால், அவசரமே படாது. மெதுவாக வளரும். சேக்ரத்துக்கு முன்னால் இடுப்புக்கூட்டில் காலி இடம் நிறைய இருப்பதால், உள்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும். வெளியே வீக்கம் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் எதுவும் காட்டாது. எடை குறையாது, காய்ச்சல் வராது. ஒரு வலி மட்டும் இருக்கும். அந்த வலியும் "ஐயோ அம்மா" என்று துடிக்க வைக்கிற வலி இல்லை. உட்கார்ந்தால் வலிக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் தேவலை. பைக்கில் போனால் வலிக்கும், நின்றால் பரவாயில்லை. போகப் போகப் படுத்தாலும் வலிக்கும். பிறகு மலச்சிக்கல். முக்கினாலும் முழுசாகப் போன திருப்தி இருக்காது, ஏனென்றால் கட்டி மலக்குடலைப் பின்னாலிருந்து அழுத்துகிறது.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஐம்பத்தைந்து வயசு ஆள், உட்கார்ந்தா பின்பக்கம் வலி, கூடவே மலச்சிக்கல். நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேர்?

மூலம்.

வீட்டில் பெரியவர்கள் "உடம்பு சூடு, எண்ணெய் தேச்சுக் குளி, கருணைக்கிழங்கு சாப்பிடு" என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்மென்ட் கிடைக்கும். மூலம், பௌத்திரம் என்று போர்டு மாட்டிய இடத்தில் வேறு ஏதாவது கிடைக்கும். இன்னொரு பக்கம் போனால் "சுளுக்கு பிடிச்சிருக்கு" என்று வழித்து விடுவார்கள். இதில் யாரையும் நான் கிண்டல் செய்யவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு உண்மையிலேயே மூலமோ, ஆசனவாய் வெடிப்போ, எப்போதோ மாடிப்படியில் வழுக்கி உட்கார்ந்த அடியோதான் காரணமாக இருக்கும். அதெல்லாம் சில வாரங்களில் அடங்கும். சில சமயம் சில மாதங்களும் ஆகும். என் குறையெல்லாம் அடுத்த கட்டத்தில், அதாவது எங்க ஏரியாவில்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் மாற்றியிருக்கிறேன். துணிக்கடை கல்லாவில் உட்காரும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் வலி என்று முதல் ஆறு மாதம் அவரே நினைத்துக்கொண்டார். நியாயம்தானே, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். பிறகு ஒரு டாக்டரைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், "வயசுக்கேத்த தேய்மானம்". மாத்திரை. இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனை. எம்ஆர்ஐ எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் எல்4 எல்5, எல்5 எஸ்1 டிஸ்க் பல்ஜ். பெல்ட், பிசியோதெரபி, முதுகில் ஒரு ஊசி. ஊசி போட்டு இரண்டு வாரம் நன்றாக இருந்ததாம், பிறகு பழைய கதை. நடுவில் மூலத்துக்கு ஒரு கஷாயமும் ஓடியது. கடைசியில் சிறுநீர் சரியாக வராமல் டியூப் போட வேண்டிய நிலை வந்தபோதுதான் வயிற்றை ஸ்கேன் செய்து, சேக்ரத்துக்கு முன்னால் சாத்துக்குடி அளவில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. முதல் வலிக்கும் இதற்கும் நடுவே ஒன்றே முக்கால் வருடம்.

ஆறேழு பேர் பார்த்திருக்கிறார்கள். வலி எங்கே என்று கேட்டதற்கு அவர் ஒவ்வொரு முறையும் கையை வைத்துக் காட்டியது ஒரே இடத்தைத்தான். பிட்ட இடுக்கின் மேல் நுனி. அங்கே ஒருவரும் கை வைத்துப் பார்க்கவில்லை.

இதில் எம்ஆர்ஐ எப்படி ஏமாற்றியது என்று கேட்பீர்கள். எம்ஆர்ஐ ஏமாற்றவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் சொன்னது, அவ்வளவுதான். இடுப்புத் தண்டுவடத்துக்கான வழக்கமான எம்ஆர்ஐ-யில் பக்கவாட்டுப் படம் கீழே எஸ்2, எஸ்3 பக்கமே பல சமயம் முடிந்துவிடும். குறுக்குவெட்டுப் படங்களை டிஸ்க் இருக்கும் இடங்களில் எடுப்பார்கள், எஸ்1-ஓடு நிறுத்திவிடுவார்கள். சேக்ரமோ பின்பக்கமாக வளைந்து போகிற எலும்பு. கார்டோமாவுக்குப் பிடித்த இடம் அந்தக் கீழ்ப்பாதி. ஃபோட்டோவில் கழுத்துவரை மட்டும் எடுத்துவிட்டு, காலில் செருப்பு போட்டிருந்தாரா என்று தேடினால் எப்படித் தெரியும்?

எக்ஸ்ரே இன்னும் மோசம். சேக்ரத்துக்கு முன்னால் குடலும் வாயுவும் மலமும் நிழலாக விழும். எலும்பு வேறு வளைந்து கிடக்கிறது. பெரிய ஓட்டையே இருந்தாலும் கண்ணுக்குத் தப்பும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற வார்த்தைக்கு இந்த இடத்தில் பெரிய மதிப்பு கிடையாது.

சரி, அந்த டிஸ்க் பல்ஜ் பொய்யா? பொய்யில்லை. அது எல்லோருக்கும் இருக்கிற உண்மை. முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்கள் அடங்கிய 33 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். எண்பது வயதில் 84 சதவீதம். அதாவது ஐம்பத்தைந்து வயது ஆளை எந்தக் காரணத்துக்காக எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுக்க வைத்தாலும் ரிப்போர்ட்டில் பல்ஜ் வரத்தான் வாய்ப்பு அதிகம். தலைமுடி நரைத்திருப்பது மாதிரி. நரை இருக்கிறது என்பதற்காகத் தலைவலிக்கு நரைதான் காரணம் என்று சொல்ல முடியுமா?

என் கருத்து இதுதான். "டாக்டர்கள் எல்லாரும் கார்டோமாவை ஞாபகம் வச்சுக்கணும்" என்று நான் சொல்லவே மாட்டேன். அது நடக்காத காரியம். மேலைநாட்டுக் கணக்கை அப்படியே போட்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏழு கோடியே சொச்சம் பேர் இருக்கிற தமிழ்நாட்டில் வருடத்துக்கு எழுபது பேருக்கு மேல் வராது. அதில் சேக்ரத்தில் வருவது மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. ஒரு ஊர் டாக்டர் முப்பது வருடம் பிராக்டிஸ் செய்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் ரிட்டயர் ஆகலாம். பார்க்காத ஒன்றின் பெயரை மனப்பாடம் செய்து என்ன ஆகப் போகிறது?

ஞாபகம் வைக்க வேண்டியது ஒரு கேள்வியைத்தான். நோயாளி காட்டுகிற இடமும் ஸ்கேன் காட்டுகிற இடமும் ஒன்றா? எல்5 எஸ்1 டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி பொதுவாகத் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று காலில் இறங்கும். குனிந்தால், இருமினால் சுள்ளென்று இழுக்கும். வால் எலும்பில் மட்டும் உட்கார்ந்தால் வலி, கூடவே மலச்சிக்கல், ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போன மாதிரி இருப்பது, இதெல்லாம் அந்த பல்ஜோடு பொருந்தவில்லை. பொருந்தாத பதிலை "ஏதோ ஒரு பதில் வந்துடுச்சே" என்று ஏற்றுக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் இந்த ஒன்றே முக்கால் வருடம் தொலைகிறது. அபூர்வ நோயின் பெயரே தெரியாத டாக்டர்கூட, "இது பொருந்தலையே" என்று நிறுத்தினால் போதும், நோயாளி பிழைத்தார்.

அப்படி நிறுத்திய டாக்டர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? இன்னொரு ஸ்கேன் இல்லை. ஒரு கிளவுஸ், கொஞ்சம் ஜெல்லி, ஒரு விரல். ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பதை நாங்கள் பி.ஆர். பார்ப்பது என்போம். மலக்குடலின் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சேக்ரமும் காக்சிக்ஸும். அங்கே கெட்டியாக, வழவழப்பாக, அசையாமல் ஒரு மேடு தட்டுப்பட்டால் கதை முடிந்தது, அது மூலம் இல்லை. சேக்ரத்தின் கார்டோமாக்களில் பெரும்பாலானவை இப்படி விரலுக்குத் தட்டுப்படும். இரண்டு நிமிட வேலை. எம்ஆர்ஐ-க்குக் கொடுக்கும் ஆயிரக்கணக்கான ரூபாயோடு ஒப்பிட்டால் செலவு என்றே சொல்ல முடியாது.

ஏன் செய்வதில்லை?

வெட்கம் ஒரு காரணம், இரண்டு பக்கமும். நோயாளி "அதெல்லாம் வேணாம் டாக்டர், மாத்திரை குடுங்க" என்கிறார். டாக்டரும் உள்ளூர "அப்பாடா" என்று நிம்மதியாகிவிடுகிறார். பெண்கள் என்றால் இன்னும் சிக்கல். எதிரே ஆண் டாக்டர், பக்கத்தில் மாமியார், கதவு திறந்தே கிடக்கிறது. அந்தச் சூழலில் எந்தப் பெண் ஒத்துக்கொள்வார்? ஒத்துக்கொள்ளாதது அவர் தப்பே இல்லை. சக மருத்துவர்கள் "ஓபி-ல நூத்தைம்பது பேர் நிக்கிறாங்க, இதுல பி.ஆர். வேறயா" என்பீர்கள். எனக்கும் அந்த ஓபி தெரியும். எல்லா முதுகுவலிக்கும் பார்க்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் தாண்டியும் குறையாமல் வால் எலும்பைக் காட்டுகிறவருக்கு, புதிதாக மலச்சிக்கலோ சிறுநீர்ப் பிரச்சினையோ சேர்ந்தவருக்கு, இரவில் வலி எழுப்பி விடுகிறவருக்கு. நூற்றைம்பதில் அப்படி எத்தனை பேர்? ஒருவர், இருவர்.

ஒரு மருத்துவமனை நிர்வாகத்திடம் நான் கேட்பது ரோபோ சர்ஜரி இல்லை. ஓபி அறையில் ஒரு ஸ்கிரீன், கூட நிற்க ஒரு சிஸ்டர், ஒரு பெட்டி கிளவுஸ். கோடிக்கணக்கில் எம்ஆர்ஐ மெஷின் வாங்குகிற இடங்களில் ஒரு திரைத்துணி இருக்காது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விரலில் தட்டுப்பட்டாலோ, சந்தேகம் தீராவிட்டாலோ அடுத்து எம்ஆர்ஐ. இந்த முறை கேள்வி சரியாக இருக்க வேண்டும். 'சேக்ரம், காக்சிக்ஸ் முழுவதும்' என்று ரெக்வெஸ்ட் ஃபார்மில் எழுத வேண்டும். கார்டோமா எம்ஆர்ஐ-யின் டி2 படங்களில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ரேடியாலஜிஸ்ட்டுக்கு "இங்கே வலி" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று என் ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். 'லோ பேக் பெயின்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு ரேடியாலஜிஸ்ட்டைக் குறை சொல்வது நியாயம் கிடையாது.

கட்டி தெரிந்துவிட்டது. இப்போதுதான் மிக முக்கியமான இடம். இதை மட்டுமாவது முழுசாப் படிங்க.

கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே கூக்குரல்: "உடனே எடுத்துடுங்க டாக்டர், எதா இருந்தாலும் எடுத்துடுங்க". அவசரப்படக் கூடாது. முதலில் பயாப்சி. அதுவும் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஊசி குத்தக் கூடாது. விரலில் தட்டுப்படுகிறதே, மலக்குடல் வழியாக ஊசி விட்டால் சுலபமாச்சே என்று தோன்றும். செய்யவே கூடாது. கார்டோமா எவ்வளவு பெரிதானாலும் அதற்கும் மலக்குடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு கெட்டியான சவ்வை அது பொதுவாகத் தாண்டுவதில்லை. அதனால்தான் மலக்குடலைக் காப்பாற்ற முடிகிறது. நாமே அதைத் துளைத்து ஊசி விட்டால், ஊசி போன பாதை நெடுக கட்டியின் செல்கள் விதை மாதிரி சிந்தும். பிறகு மலக்குடலையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம். அப்புறம் வயிற்றில் பை. பயாப்சி முதுகுப் பக்கமாக, பின்னால் ஆபரேஷன் செய்யும்போது அந்த ஊசிப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்கிற மாதிரி நடுக்கோட்டில் எடுக்க வேண்டும். யார் ஆபரேஷன் செய்யப் போகிறாரோ அவர் சொல்கிற இடத்தில்தான் ஊசி போக வேண்டும். இதுதான் விதி.

சில சமயம் இதைச் சீழ்க்கட்டி என்றோ கொழுப்புக்கட்டி என்றோ நினைத்து நடுவில் கீறிவிடுவார்கள். ஜெல்லி மாதிரி ஏதோ வரும். சுரண்டி எடுத்துவிட்டுத் தையல் போட்டு அனுப்புவார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு அதே இடத்தில், இந்த முறை தழும்பு முழுக்கப் பரவி, திரும்ப வரும். கார்டோமாவில் முதல் ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷன். உடைக்காமல், சுற்றிலும் நல்ல தசையும் எலும்புமாகச் சேர்த்து ஒரே துண்டாக எடுத்தால்தான் திரும்ப வராமல் இருக்க வாய்ப்பு. வழக்கமான கீமோ இதற்கு வேலை செய்வதில்லை. சாதாரண அளவு ரேடியேஷனுக்கும் அசைவதில்லை. மிக அதிக அளவு கொடுக்க வேண்டும், ஆனால் பக்கத்திலேயே குடலும் நரம்பும் இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கட்டிக்குப் புரோட்டான் சிகிச்சையைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். சென்னை தரமணியில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. ஜப்பானில் கார்பன் அயனிகளைக் கொண்டு 1994 முதலே புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள். இதெல்லாம் செலவு பிடிக்கிற விஷயம். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயாப்சி துண்டைப் பார்க்கிறவரும் முக்கியம். மைக்ராஸ்கோப்பில் இது குருத்தெலும்புப் புற்று மாதிரியும், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று மாதிரியும் வேஷம் போடும். அதைப் பிரித்துக் காட்ட பிராக்கியூரி என்று ஒரு ஸ்டெயின் இருக்கிறது. பெயருக்கு 'குட்டை வால்' என்று அர்த்தம். 1920-களில் வால் குட்டையான எலிகளில் கண்டுபிடித்த ஜீன் அது. அதன் புரதம்தான் கார்டோமாவின் கைரேகை என்று 2006-ல் தெரிய வந்தது. எலி வாலில் தொடங்கிய ஆராய்ச்சி எண்பது வருடம் கழித்து மனுஷன் வால் எலும்புக் கட்டிக்கு விடை சொன்னது. "இந்த ஆராய்ச்சியால யாருக்கு என்ன லாபம்" என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இது.

இப்ப அந்த ஆறு நரம்புகளுக்கு வருவோம். கட்டி எஸ்4-க்குக் கீழே, வால் எலும்பு பக்கம் மட்டும் இருக்கும்போது பிடித்துவிட்டால், எஸ்2, எஸ்3 நரம்புகளை விட்டுவிட்டு எடுக்க முடியும். ஆள் சில வாரங்களில் நடந்து போவார், தானாகவே சிறுநீர், மலம் போவார். அதே கட்டி மேலே ஏறி எஸ்2 வரை வந்துவிட்டால், அதை முழுசாக எடுக்க இரண்டு பக்க எஸ்2 நரம்புகளையும் சேர்த்து வெட்ட வேண்டி வரும். உயிர் பிழைப்பார், நடப்பார். ஆனால் வாழ்நாள் முழுக்க டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும், மலம் கட்டுப்பாட்டில் இருக்காது. இன்னும் மேலே எஸ்1-ஐயும் எடுக்க வேண்டி வந்தால், இடுப்பையும் முதுகெலும்பையும் கம்பி, ஸ்க்ரூ வைத்து இணைக்க வேண்டும். எஸ்4-க்கும் எஸ்2-க்கும் நடுவே தூரம் சில சென்டிமீட்டர்தான். கட்டி மெதுவாகத்தான் அதைக் கடக்கிறது. நாம் அதைவிட மெதுவாக இருக்கிறோம்.

துணிக்கடைக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று. கடைக்குப் போகிறார், கல்லாவில் நின்றுகொண்டே வேலை பார்க்க உயரமான மேசை போட்டிருக்கிறார். தினமும் நாலைந்து முறை தானே டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிறார். மகளின் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் எழுந்து போக வேண்டி வந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

மற்ற கட்டிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லன்னா "எல்லாமே கார்டோமாவா"ன்னு கேப்பீங்க. இல்லை. சேக்ரத்தில் வரும் புற்றில் முதலிடம் வேறு இடத்திலிருந்து பரவி வருவதற்குத்தான். மார்பகப் புற்று, புராஸ்டேட் புற்றுக்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகுவலி வந்தால் மூன்று மாதம் காத்திருக்கவே கூடாது. நம் நாட்டில் எலும்புக் காசநோயையும் மனதில் வைக்க வேண்டும். இருபது முதல் நாற்பது வயதில், குறிப்பாகப் பெண்களுக்கு, ஜெயன்ட் செல் கட்டி என்று ஒன்று சேக்ரத்தில் வரும். அது பெரும்பாலும் பரவும் வகை இல்லை, ஆனால் எலும்பை அரிக்கும். டெனோசுமாப் என்ற ஊசி 2013 முதல் அதற்குப் பயன்படுகிறது. அதனால் "கட்டின்னா எல்லாம் ஒண்ணுதான், எடுத்துப் போடு" என்பது இங்கேயும் தவறு, பெயர் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது. தண்டுவடத்தின் வால் நுனியில் எபெண்டைமோமா என்று ஒன்று உண்டு. படுத்தால் வலி கூடும், எழுந்து நடந்தால் குறையும், டிஸ்க் வலிக்கு நேர் எதிர். அதை வழக்கமான இடுப்பு எம்ஆர்ஐ பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, டார்லாவ் சிஸ்ட். சேக்ரம் ஸ்கேனில் நிறைய பேருக்கு வரும் வார்த்தை இது. நரம்பு உறையில் நீர் கோத்த சின்னப் பை, அவ்வளவுதான். புற்று இல்லை. பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் இதைப் பார்த்துவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் போடாதீங்க.

அதேபோல் இந்த த்ரெட்டைப் படித்துவிட்டு "ஹோல் ஸ்பைன் பேக்கேஜ்" எடுக்கப் போகாதீர்கள். உங்களுக்கு எதுவுமே இல்லையென்றால் அதில் ஒரு பல்ஜும் ஒரு சிஸ்ட்டும் கண்டுபிடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். கீழே விழுந்து இரண்டு வாரமாக வால் எலும்பு வலிக்கிறதா, நடுவில் ஓட்டை வைத்த குஷன் வாங்கி உட்காருங்கள், நேரம் கொடுங்கள். மூன்று மாதத்தில் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்றால் டாக்டரிடம் இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள். "டாக்டர், நான் காட்ற இடத்தைத் தொட்டுப் பாருங்க. தேவைப்பட்டா உள்ளேயும் பாருங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல." "ஸ்கேன் எழுதினா வால் எலும்பு வரைக்கும் தெரியற மாதிரி எழுதுங்க." பெண்கள் லேடி டாக்டரோ சிஸ்டரோ கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். சிறுநீர் திடீரென்று வரவில்லை, அல்லது உட்காரும் இடம் மரத்துப் போனது என்றால் மாதக் கணக்கு பார்க்கக் கூடாது, அன்றைக்கே எமர்ஜென்சி.

கட்டி என்று உறுதியானால், எலும்புப் புற்றுக்கென்று தனிக் குழு இருக்கிற இடத்துக்குப் போங்கள். வேலூர் சிஎம்சி, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் இருக்கிறது. கட்டி மெதுவாக வளர்வது, இரண்டு வாரம் பயணத்துக்கும் டிக்கெட்டுக்கும் போனால் ஒன்றும் ஆகிவிடாது. உள்ளூரில் அவசரமாகப் போட்ட ஒரு கீறல் ஆயுளுக்கும் துரத்தும்.

இன்பாக்ஸில் ரிப்போர்ட் அனுப்புபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. டைப் அடித்த பேப்பரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் எனக்கும் டிஸ்க் பல்ஜ்தான் தெரியும். சிடி அல்லது முழு ஃபிலிம் வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் வால் எலும்பு நுனி தெரிகிறதா என்று முதலில் நீங்களே பாருங்கள், அதற்கு டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. கூடவே, வலிக்கிற இடத்தை ஒற்றை விரலால் தொட்டு, அது எங்கே என்று ஒரு வரி எழுதி அனுப்புங்க.